வராததற்கு ஒரு ஊசி

வயிற்றில் ஊசி என்றாலே அம்மாவின் தலைமுறைக்கு நாய்க்கடிதான் நினைவு. முழங்கால் மூட்டை மாற்றிக்கொண்டு வீடு திரும்பியவளிடம், ரத்தம் கட்டாமல் இருக்கத் தினம் ஒரு ஊசி உண்டு, அதையும் வயிற்றில் நானே போடப்போகிறேன் என்றதும், "என்னை என்ன வெறிநாயா கடிச்சுது?" என்றாள். சின்ன மாமாவைச் சின்ன வயதில் நாய் கடித்தபோது தர்மாஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றி 14 ஊசி. கூடப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அம்மா. அந்தக் காலத்து மருந்து ஆட்டு மூளையிலிருந்து எடுத்தது. குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் செய்தார்கள். 2004 கடைசியில்தான் நம் நாட்டில் அதை அடியோடு நிறுத்தினார்கள்.

இந்த ஊசி அவ்வளவு கொடுமை இல்லை. எனாக்ஸாபரின், 40 மில்லிகிராம், மருந்தை நிரப்பியே விற்கும் குட்டி சிரிஞ்சு. தொப்புளிலிருந்து மூன்று விரல்கடை தள்ளி, இன்றைக்கு இடது பக்கம் என்றால் நாளைக்கு வலது. சதையை மடித்துப் பிடித்து நேராக இறக்க வேண்டும். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. உள்ளே ஒரு காற்றுக் குமிழ் தெரியும். சினிமா நர்ஸுகள் ஊசியை உயரத் தூக்கிப் பீய்ச்சுவதைப் பார்த்தே வளர்ந்த கைக்கு, அதை வெளியே தள்ளாமல் விடுவது பெரும்பாடு. தள்ளினால் மருந்தும் கொஞ்சம் போய்விடும் என்று வார்டு சிஸ்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அம்மாவின் தகராறு வலியைப் பற்றியதே அல்ல. வலி மாத்திரை போட்டால் வலி குறைகிறது. காய்ச்சல் மாத்திரை போட்டால் வேர்த்துக் கொட்டுகிறது. இதைப் போட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. ஆகாமல் இருக்கத்தான் போடுவது. ஆபரேஷனில் ரத்தக்குழாய்கள் கசங்கியிருக்கும், நடமாட்டம் இல்லாத கெண்டைக்கால் ரத்தத்தை மேலே தள்ளாது, காயத்தை அடைக்க உடம்பே ரத்தத்தை உறையவைக்கப் பார்க்கும், அப்படி உறைந்தது பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து, வீட்டுக்கு வந்தும் வாரக்கணக்கில் இந்தப் பயம் இருக்கிறது என்றெல்லாம் ஒப்பித்துப் பார்த்தேன். காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே சொன்னாள்: "அந்த நாய்க்கு வெறி இருந்துச்சான்னே யாருக்கும் தெரியாது. ஆனா சின்னவனுக்கு ஒண்ணும் வரலை." புடவையைத் தளர்த்திக்கொண்டாள்.

நாயை விட்டாலும் நாய் விடாது போலிருக்கிறது. இந்த ஊசிக்கு மூதாதையான ஹெபாரினைக் கண்டெடுத்ததே நாயின் ஈரலில்தான். 1916இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் ரத்தத்தை உறையவைக்கும் பொருளைத் தேடப்போய், உறையவிடாத ஒன்றில் இடறி விழுந்தார். இப்போது அது பன்றிக் குடலிலிருந்து வருகிறது. எனாக்ஸாபரினும் அதை உடைத்துச் செய்வதே. அம்மா சுத்த சைவம். எனக்கே இது தெரிய வந்தபோது ஊசிகள் முடிந்து, டாக்டர் மாத்திரைக்கு மாற்றியிருந்தார். சொன்னேன். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா மாத்திரையே கேட்டிருப்பேனே" என்றாள், கோபமில்லாமல். நியாயம்தான். கேட்க வழியிருக்கிறபோது நோயாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்?

மாத்திரை ரிவராக்ஸபான், 10 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று. முழங்காலுக்கு வழக்கமாக இரண்டு வாரத்தை ஒட்டி. இடுப்பு மூட்டு என்றால் 35 நாள் வரை போகும். இந்தக் கட்டத்தில் பெரிய மாமா போனில் நுழைந்தார். இருதய வால்வு மாற்றியவர், பல வருஷமாக ரத்தம் கட்டாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறவர், ஆகவே ரத்த விஷயத்தில் குடும்பத்துக்கே அதிகாரி. "கீரையைத் தொடாதே" என்று உத்தரவு போட்டார். முருங்கைக்கீரை இல்லாமல் அம்மாவுக்குச் சோறு இறங்காது. மாமா பயந்ததிலும் நியாயம் உண்டு, அவர் மாத்திரைக்குக் கீரையின் அளவு திடீரென்று ஏறி இறங்கக் கூடாது. அசிட்ரோம் வைட்டமின் கே-யை எதிர்த்து வேலை செய்கிறது, கீரையில் அது நிறைய. அதன் பங்காளியான வார்ஃபரின் 1948இல் அமெரிக்காவில் எலி மருந்தாகத்தான் கடைக்கு வந்தது. அம்மாவின் மாத்திரை வேறு வழியில் போவது, கீரையோடு அதற்குப் பகை கிடையாது. டாக்டர் பயந்ததெல்லாம் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடும் வலி மாத்திரைக்கு. இரண்டும் சேர்ந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசியலாம், மலம் கறுத்தால் உடனே வரச் சொன்னார்.

எங்களைப் படுத்தியது வீக்கம். மூட்டு மாற்றிய கால் எப்படியும் வீங்கும். அதில் எது சாதாரண வீக்கம், எது பயப்பட வேண்டிய வீக்கம் என்று வீட்டில் இருப்பவர்கள் எதை வைத்துச் சொல்வது? அத்தை தைலத்தோடு நீவிவிட உட்கார்ந்துவிட்டாள். ரத்தக்கட்டி இருந்தால் நகர்ந்துவிடும் என்று அவளைத் தடுப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. ஒரு சாயங்காலம் கெண்டைக்கால் கல் மாதிரி இறுகி, தொட்டால் சூடாகவும் இருந்தது. ஆட்டோ பிடித்து ஓடினோம். டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, கட்டி எதுவும் இல்லை, தைரியமாகப் போங்கள் என்றார்கள்.

கவுன்ட்டரில் பில்லை வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் படித்தாள் அம்மா. "ஒண்ணும் இல்லேன்னு சொல்றதுக்கா இவ்வளவு?"