நிறை எங்கே இருக்கிறது?

பள்ளியில் இயற்பியல் கற்பித்த முப்பத்திரண்டு ஆண்டுகளில் எத்தனையோ வரையறைகளைக் கரும்பலகையில் எழுதி அழித்திருக்கிறோம். அவற்றுள் ஒன்று வேதவாக்குப் போல் நம் நாவில் நின்றது: ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவே அதன் நிறை. 'அடங்கியுள்ள' என்ற சொல்லை விட்டுவிட்டால் அரை மதிப்பெண் குறைப்போம். சொல்ல வெட்கமாயிருக்கிறது, அதற்காக ஒரு மாணவனைப் பெஞ்சின் மேல் ஏற்றியும் நிறுத்தினோம்.

ஓய்வு பெற்றபின் ஒரு கோடை விடுமுறையில் தங்கை மகள் வந்திருந்தாள். கல்லூரியில் இயற்பியல் பயில்பவள். "மாமா, புரோட்டானுக்குள் மூன்று குவார்க்குகள் இருக்கின்றனவே, அவற்றின் நிறையைக் கூட்டினால் புரோட்டானின் நிறை வரவேண்டுமல்லவா?" என்று கேட்டாள். "வராமல் எங்கே போகும்?" என்றோம். அவள் தாளை நீட்டினாள். மேல் குவார்க்கு இரண்டு, கீழ்க் குவார்க்கு ஒன்று. துகள்களின் நிறைக்கு அறிவியலார் கையாளும் அலகில் முன்னது ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.2, பின்னது 4.7. கூட்டினால் ஒன்பது சொச்சம். புரோட்டானின் நிறையோ 938! "தசமப் புள்ளி எங்கோ தவறியிருக்கிறது, சரிபார்" என்று அனுப்பிவிட்டோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. நாம் படித்த காலத்தில் குவார்க்கு என்பது பாடநூலின் கடைசிப் பக்கத்துச் செய்தி. அமெரிக்க அறிஞர் மரே ஜெல்-மான், ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்திலிருந்த ஜார்ஜ் ஸ்வைக் ஆகிய இருவரும் 1964-இல் தனித்தனியே கண்ட கருத்து அது. ஸ்வைக் அவற்றுக்கு 'ஏஸ்' என்று பெயரிட்டார். அவருடைய கட்டுரை ஆய்வக அறிக்கையாகவே தங்கிவிட்டது, ஜெல்-மானின் பெயர் நிலைத்தது. தனியான குவார்க்கை எவரும் கண்டதில்லை என்பதால் பலர் அதை வெறும் கணக்கு வசதியாகவே எண்ணினர். கலிபோர்னியாவில் 3 கிலோமீட்டர் நீள முடுக்கியில் எலக்ட்ரான்களைப் புரோட்டான் மேல் மோதவிட்டபோதுதான், உள்ளே சிறு கடின மணிகள் இருப்பது தெரிந்தது. ஃபிரீட்மன், கெண்டல், டெய்லர் மூவரும் அதற்காக 1990-இல் நோபல் பரிசு பெற்றனர்.

தனியே ஏன் கிடைப்பதில்லை? முளையில் கட்டிய மாட்டை நினைத்துக்கொள்ளலாம். முளையருகே அது விருப்பம்போல் உலவும். விலகிப் போனால் கயிறு இறுகும். குவார்க்குகள் நெருங்கியிருக்கையில் ஏறக்குறையக் கட்டற்றவை என்பது 1973-இல் கணக்கிட்டுக் காட்டப்பட்டது. பிரித்திழுத்தாலோ விசை தளர்வதில்லை. இழுப்பில் சேரும் ஆற்றலே புதியதொரு குவார்க்கு இணையாகப் பிறந்து, அறுந்த முனையில் சேர்ந்துகொள்கிறது. நம் உவமை இந்த இடத்தில் நொண்டுகிறது. கயிறு அறுந்தால் புது மாடு பிறப்பதில்லை!

அந்தச் சிறு இடத்தில் அடைபட்ட குவார்க்குகள் ஒளியை ஒட்டிய வேகத்தில் சுழல்கின்றன. அவற்றைப் பிணைக்கும் குளுவான்களும் ஓயாது துடிக்கின்றன. அந்த ஆட்டத்துக்கும் பிணைப்புக்கும் உரிய ஆற்றல்தான் மீதி 929. ஆற்றல் நிறையாக வெளிப்படும் என்று ஐன்ஸ்டீன் 1905-இலேயே சொல்லியிருக்கிறார். பேராற்றல் கணினிகளைக் கொண்டு புரோட்டானின் நிறையை அடிப்படை விதிகளிலிருந்தே 2008-இல் கணக்கிட்டார்கள். சில விழுக்காட்டுப் பிழைக்குள் விடை பொருந்தியது. 2012-இல் கண்டறியப்பட்ட ஹிக்ஸ் துகளே எல்லாவற்றுக்கும் நிறை தருகிறது என்று பேசுவோர் உண்டு. குவார்க்குகளுக்குரிய அந்த ஒன்பது சொச்சம்தான் ஹிக்ஸ் புலத்தின் கணக்கு. 'கடவுள் துகள்' என்ற பட்டப்பெயரை நாம் ஒருபோதும் விரும்பியதில்லை.

ஆக, 60 கிலோ எடையுள்ள நம் உடலில் குவார்க்குகளின் சொந்த நிறை சுமார் 600 கிராம். மற்றதெல்லாம் அவை ஓடுவதும் ஒன்றையொன்று பற்றியிருப்பதும்தான். உள்ளே 'அடங்கியுள்ள' சரக்கைக் கூட்டி அதைப் பெற முடியாது. பெஞ்சின் மேல் நின்ற பையன் விட்டுவிட்ட சொல்லும் அதுதான்.

தங்கை மகளுக்கு மறுநாளே எழுதினோம்: கணக்கு சரி, மாமாதான் தவறு. அந்தப் பையனுக்கும் எழுத விரும்பினோம். பழைய வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கக்கூடும். முகம் மட்டும்தான் நினைவிலிருக்கிறது.