லெனாக்ஸ் அவென்யூவில் ஒரு மரத்தளம்

ஹார்லெம், நியூயார்க்

அன்புள்ள ராமு,

135-வது தெரு சுரங்க ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து, லெனாக்ஸ் அவென்யூவில் வடக்கே ஐந்து தெரு நடந்தேன். 140-க்கும் 141-க்கும் நடுவே நிற்பவை அடுக்குமாடிக் குடியிருப்புகள். சவாய் பால்ரூம் இருந்த இடம் இது என்று சொல்ல ஒரு பலகை மட்டும் இருக்கிறது. இங்கே ஆடிப் பேர் வாங்கிய ஃப்ராங்கி மேனிங்கும் நார்மா மில்லரும் 2002-இல் அதைத் திறந்துவைத்தார்கள்.

1926 மார்ச் 12-இல் திறந்த நடன மண்டபம். முதலாளி மோ கேல் வெள்ளையர், மேலாளர் சார்லஸ் புக்கானன் கறுப்பர். மாடியில் ஒரு தெருமுனையிலிருந்து அடுத்த தெருமுனைவரை நீண்ட ஆடுதளம், சுமார் 10,000 சதுர அடி. மேப்பிள் மரம், அடியில் ஸ்பிரிங். அதையும் தேய்த்துவிட்டார்களாம்; மூன்று வருடத்துக்கொரு தரம் பலகை மாற்ற வேண்டியிருந்தது. இரண்டு மேடைகள். ஒரு இசைக்குழு முடித்த கையோடு அடுத்த குழு எடுத்துக்கொள்ளும், ஆடுகிறவர்களுக்கு ஓய்வே இல்லை.

அதே அவென்யூவில், 142-வது தெரு முனையில், காட்டன் கிளப் இருந்தது. அங்கே மேடையில் கறுப்பர்கள். காசு கொடுத்து உட்கார்ந்து பார்க்க வெள்ளையருக்குத்தான் இடம். அதன் புகழை நம் ஊர்க்காரர்கள்கூடக் கேள்விப்பட்டிருப்பார்கள். எனக்கு அதன்மேல் மரியாதை இல்லை. கூப்பிடு தூரத்தில் இருந்த சவாயில் இரண்டு நிறத்தாரும் ஒரே தளத்தில் ஆடினார்கள். வந்தவனுக்கு ஆட வருகிறதா என்பது ஒன்றுதான் அங்கே கேள்வி. அந்தக் கூட்டத்தில் வளர்ந்ததுதான் லிண்டி ஹாப் என்ற ஆட்டம். துணையைத் தூக்கித் தலைக்கு மேல் சுழற்றும் வித்தையை 1935 வாக்கில் அதில் சேர்த்தவர் மேனிங்.

தவில் பைத்தியமான உனக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்தது சிக் வெப்பைப் பற்றி. சிறுவயதில் முதுகெலும்பில் காசநோய் வந்து, வளராமல் கூன் விழுந்த மனிதர். டிரம்ஸ் முன் உட்கார்ந்தால் ஆளே தெரியாது. சவாயின் சொந்தக் குழு அவருடையது. 1935-இல், இருபது வயதுகூட ஆகாத எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டைப் பாட வைத்தவரும் அவர்தான். 1937 மே 11 இரவு பென்னி குட்மன் குழு போட்டிக்கு வந்தது. குட்மனை நாடே ‘ஸ்விங் ராஜா’ என்று கொண்டாடிய நேரம். அவரிடம் டிரம்ஸ் வாசித்தவர் ஜீன் க்ரூபா. கோயில் திருவிழாவில் இரண்டு தவில் செட் எதிரெதிரே நிற்கும்போது ஊர் எப்படித் திரளுமோ அப்படி ஒரு கூட்டம். உள்ளே இடம் கிடைக்காமல் ஆயிரக்கணக்கானோர் தெருவில் நின்றார்கள். ஜெயித்தது வெப். க்ரூபாவே எல்லோர் முன்னிலும் அவருக்குத் தலைவணங்கினார். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. ராத்திரிதோறும் ஆடுகிறவர்களின் கால்களைப் பார்த்து வாசித்த கை அது; வெளியிலிருந்து வந்தவரால் ஒரே இரவில் அதைப் பிடிக்க முடியாது. இரண்டே வருடத்தில், 1939-இல், வெப் இறந்தார். குழுவை எல்லாவின் பெயரில் நடத்தினார்கள்.

1943 ஏப்ரலில் அதிகாரிகள் சவாயை மூடினார்கள். விபசாரம் நடக்கிறது, ராணுவ வீரர்களுக்கு நோய் தொற்றுகிறது என்றார்கள். ஹார்லெம்காரர்கள் அதை நம்பவில்லை. வெள்ளைக்காரப் பெண்ணும் கறுப்பு இளைஞனும் கைகோத்து ஆடுவது அதிகாரிகளின் கண்ணை உறுத்துகிறது என்று வெளிப்படையாகவே பேசினார்கள். நானும் அவர்கள் கட்சிதான். அக்டோபரில் கதவு மறுபடி திறந்தது. ஆனால் ஸ்விங் இசையின் காலம் மெல்லப் போய்க்கொண்டிருந்தது. 1958-இல் மூடி, குடியிருப்புக் கட்டுவதற்காக இடித்துவிட்டார்கள். ஸ்விங் ஓய்ந்தபின் மேனிங் தபால் துறையில் முப்பது வருடம் வேலை பார்த்தார். 1980-களில் லிண்டி ஹாப் கற்க ஆசைப்பட்ட இளைஞர்கள் அவரைத் தேடிப் பிடித்தார்கள். தொண்ணூறு வயது தாண்டியும் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டு, 2009-இல் காலமானார்.

பலகையைப் பார்க்க நீ இவ்வளவு தூரம் வர வேண்டாம். வெப் குழு 1937-இல் பதிவுசெய்த ‘ஹார்லெம் காங்கோ’வைத் தேடிக் கேள். பிறகு 1941-இல் வந்த ‘ஹெல்ஸாபாப்பின்’ படத்தில் சவாய் ஆட்டக்காரர்கள் வரும் சில நிமிடங்களைப் பார். மேனிங்கும் நார்மாவும் அதில் இருக்கிறார்கள். வெப்பின் கை எப்படி என்று நீதான் சொல்ல வேண்டும். உடனே பதில் போடு.

உன்,
சேகர்