கடலுக்குள் ஒரு தாய்

ராமேஸ்வரம் போனால் தீர்த்தமாடி, சுவாமி தரிசனம் செய்ததும் ஊர் திரும்பி விடுகிறோம். இந்தத் தடவை பாம்பனை அடுத்த குந்துகாலில் உள்ள மன்னார் வளைகுடா விளக்க மையத்துக்கும் குழந்தைகளோடு போயிருந்தோம். 21 தீவுகள், பவளப்பாறை எல்லாம் பார்த்தாலும் என் மனசில் நின்றது கடற்பசுதான். மீனவர்கள் 'ஆவுளியா' என்பார்கள். 13 மாதத்துக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும். ஒன்றரை வருஷம் வரை பால் கொடுக்கும். அடுத்த குட்டிக்குச் சில வருஷமாகும். அதனால் ஒன்று போனாலும் பெரிய நஷ்டம். ஆகாரமோ கடற்புல்.

"புல் அழிஞ்சா அம்மாவுக்குப் பால் ஏதும்மா?" என்றாள் என் கடைக்குட்டி.

2022-ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக அரசு அறிவித்தது. நம் பங்குக்கு, கடற்கரையில் பாலிதீன் பையைப் போடாமல் இருப்போமே! பிள்ளை பெற்றவள் வீட்டு வாசலில் குப்பை கொட்டலாமா, சகோதரிகளே?