காரணம் காணல்

கார்க் கதவின் கண்ணாடி கீழே இறங்கியது. பொத்தானை அழுத்தியும் மீண்டும் ஏறவில்லை. வானமோ கறுத்திருந்தது. மோட்டாரையே மாற்ற வேண்டும் என்றனர் சிலர். காருக்கு உரியவர் அவ்வாறு துணியவில்லை, காரணத்தை நாடினார்.

ஏனைய கண்ணாடிகள் இயங்கின. ஆதலின் பாட்டரியில் குறையில்லை. அக்கண்ணாடிக்குரிய உருகியும் அறவில்லை. பின்னர்ப் பொத்தானை அழுத்திய வண்ணம் கதவை மெல்லத் திறந்தார். ஒரு நிலையில் கண்ணாடி சிறிது ஏறிற்று. கதவு மேலும் அசைந்ததும் நின்றுவிட்டது! மோட்டார் பழுதடையவில்லை என்பது அப்பொழுதே விளங்கிற்று.

கதவுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே மின்கம்பிகள் ஒரு ரப்பர்க் குழலினுள் செல்கின்றன. கதவு திறக்குந்தோறும் அவை வளைகின்றன. ஆண்டுகள் பல கழிந்தபின், மேலுள்ள காப்பு சிதையாதிருப்பினும், உள்ளிருக்கும் செம்புக் கம்பி இற்றுப்போதல் உண்டு. அவர் பாட்டரியின் இணைப்பை நீக்கினார், குழலை விலக்கினார், அறுந்த கம்பியைக் கண்டார். புதுக் கம்பித் துண்டொன்றை இடையிலிட்டு, ஈயத்தால் பற்றவைத்து, காப்பு நாடாவைச் சுற்றினார். பாட்டரியை மீண்டும் இணைத்ததும் கண்ணாடி தடையின்றி மேலேறியது. மழைக்கு முன்னரே வேலை முடிந்தது.

பழுதுற்ற பொருளைக் கழித்தல் எவர்க்கும் எளிது. பழுது எங்குளது எனப் பொறுமையுடன் ஆராய்வார்க்கே பொருளும் எஞ்சும், அறிவும் வளரும்.