பதில் வாங்கியவர் பலனையும் சொல்லுங்கள்

எங்கள் தொண்டூரில் என் வயதுக்காரர்களின் செல்போனிலும் இப்போது இரண்டு மூன்று விவசாய வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன. காலையில் வணக்கம் படம், மதியம் விதை விளம்பரம். நடுவில் ஒருவர் வாடிய செடியின் படத்தைப் போட்டு, "இதுக்கு என்னங்க செய்யறது?" என்று கேட்பார். முன்பின் தெரியாத யாரோ, எந்த ஊரிலிருந்தோ, காசு வாங்காமல் பதில் சொல்வார்.

முகம் தெரியாதவருக்கு உதவுவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. ஊர் ஊராக நடந்த சமண முனிவர்கள் தங்க வெட்டிய கல்படுக்கைகளும், அதைச் சொல்லும் பழந்தமிழ்க் கல்வெட்டும் எங்கள் குன்றில் இன்றும் உள்ளன.

போன மார்கழிப் பட்டத்தில் என் மல்லாட்டைக் கொல்லையில் செடிகள் திட்டுத் திட்டாகக் காய்ந்தன. கடன் வாங்கிப் போட்ட ஒன்றரை ஏக்கர். குழுவில் கேட்டதும் மூன்று மருந்துப் பெயர்கள் வந்தன. ஒருவர் மட்டும், "மருந்து இருக்கட்டும் அண்ணே, செடியைப் பிடுங்கி வேரைக் காட்டுங்க" என்றார். பட்டை நார் நாராக உரிந்தது. "வேரழுகல். காய்ஞ்சதைப் பிடுங்கி எரிச்சிடுங்க. டிரைக்கோடெர்மா விரிடியை மக்கின தொழுவுரத்துல கலந்து, ஈரம் இருக்கும்போது செடி அடியில போடுங்க. அடுத்த பட்டத்துல விதை கிலோவுக்கு 4 கிராம் கலந்து விதைங்க" என்றார்.

காய்ந்தவை பிழைக்கவில்லை, புதிதாகக் காய்வது குறைந்தது. பதினைந்து நாள் கழித்து அதைக் குழுவில் எழுதினேன். "முப்பது பேருக்காவது சொல்லியிருப்பேன். என்ன ஆச்சுன்னு திரும்பி வந்து சொன்னதுல நீங்க மூணாவது ஆள் அண்ணே" என்று பதில் வந்தது. அவர் குரலில் வருத்தம் இருந்தது. அவரைப் போன்றவர்கள் ஒருநாள் பேசுவதை நிறுத்திவிட்டால், குழுவில் விளம்பரம்தான் மிஞ்சும்.

நெல் ஜெயராமன் இதற்கு வழி காட்டியிருக்கிறார். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் 2006 முதல் அவர் நடத்திய நெல் திருவிழாவில், பாரம்பரிய விதை 2 கிலோ வாங்கியவர் மறு ஆண்டு 4 கிலோ திருப்பித் தர வேண்டும். விலை இல்லை, ஆனால் கடமை உண்டு. அதனால்தான் விதை பெருகியது. 2018இல் அவர் மறைந்தார். அவர் மீட்ட நெல் வயல்களில் இருக்கிறது.

குழுவில் வாங்கும் யோசனைக்கும் அதுவே கணக்கு. பணம் தர வேண்டாம். எந்த மண், எவ்வளவு போட்டோம், எத்தனை நாளில் என்ன ஆனது என்று நான்கு வரி எழுதினால் போதும். பலிக்கவில்லை என்றாலும் எழுதுங்கள். கேட்கக் கூச்சப்பட்டு வாசிக்க மட்டும் செய்பவர்களுக்கு அதுதான் விதை.