தொட்டுக்கொண்டிருப்பதும் ஒட்டிக்கொண்டிருப்பதும்

பழைய பிக்சர் டியூப் டிவியில் படம் போனால் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டுவோம், படம் வந்துவிடும். மெக்கானிக் திறந்து பார்த்து, "டிரை சால்டர் சார்" என்பார். பாகத்தின் கால் போர்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். சால்டர் அதைப் பிடித்திருக்காது. ஒரகடம் பக்கம் வாகனங்களுக்கான சர்க்யூட் போர்டு தயாரிக்கும் லைனில் தர ஆய்வு பார்க்கும் எனக்கு இன்றும் பெரிய எதிரி அதுதான்.

அன்றைக்கு லென்ஸ் வைத்தாவது பார்த்துவிடலாம். இன்றைய பி.ஜி.ஏ. சிப்புக்கு வெளியே கால்களே கிடையாது. அடியில் நூற்றுக்கணக்கான சால்டர் உருண்டைகள். சால்டரை உருக்கும் ரீஃப்ளோ அடுப்பின் சூட்டில் சிப் லேசாக வளையும். மூலையில் உள்ள உருண்டை, போர்டில் பூசிய சால்டர் பேஸ்ட்டை விட்டு மேலே எழும்பிவிடும். அது திரும்ப இறங்குவதற்குள் பேஸ்ட்டில் உள்ள, ஆக்சைடை நீக்கும் ஃப்ளக்ஸ் வீரியம் இழந்துவிடும், உருண்டையின் மேல் ஆக்சைடு படிந்துவிடும். உருண்டையும் பேஸ்ட்டும் கலக்காமல், தலையணையில் தலை வைத்ததுபோல் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். 'ஹெட் இன் பில்லோ' என்றே அதற்குப் பெயர். தொட்டுக்கொண்டிருப்பதால் மின் சோதனையில் பெரும்பாலும் பாஸாகிவிடும். எக்ஸ்ரேயில் நேர் மேலிருந்து பார்த்தாலும் வட்டம் வட்டமாக ஒழுங்காகவே தெரியும். சாய்த்துப் பார்த்தால்தான் சந்தேகம் வரும். வண்டியில் ஏறி, நாலு மேடு பள்ளம் கண்டபிறகு கழன்றுகொள்ளும்.

முன்பு 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த சால்டர் 183 டிகிரியிலேயே உருகிவிடும். 2006 ஜூலையில், காரீயத்தைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோஸ் விதி அமலுக்கு வந்தபின், 3 சதவீதம் வெள்ளி, அரை சதவீதம் செம்பு, மீதி வெள்ளீயம் என்ற கலவை பரவலானது. அது உருகத் தொடங்கவே 217 டிகிரி வேண்டும். காரீயம் நஞ்சு, அது போனது நல்லதே. ஆனால் சூடு ஏறியதால் சிப் வளைவதும் ஏறியது. பளபளத்தால் நல்ல சால்டர் என்று பழகிய கண்ணுக்கும் சோதனை வந்தது. புதிய கலவையில் நல்ல இணைப்பே மங்கலாகத்தான் இருக்கும். இப்போது நாங்கள் பார்ப்பது பளபளப்பை அல்ல. சால்டர் பேடில் நன்றாகப் பரவி, விளிம்பில் சரிந்து இறங்கியிருக்கிறதா என்பதைத்தான்.

நான் பார்த்தவரை, கோளாறுகளில் பெரும்பகுதி அடுப்புக்குப் போகுமுன்பே, பேஸ்ட் அச்சிடும் இடத்தில் உண்டாகிவிடுகிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பேஸ்ட் டப்பாவை நாலு மணி நேரமாவது மூடி திறக்காமல் வைக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த பேஸ்ட்டில் இறங்கிவிடும். அடுப்பில் அது தெறித்துக் கால்களுக்கு இடையே குட்டி உருண்டைகளாக ஒட்டிக்கொள்ளும். பிறகு ஷார்ட்தான்.

லைன் கடைசியில் கேமரா மெஷின் சந்தேகப்பட்டதையெல்லாம் திரையில் காட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் ஒவ்வொன்றுக்கும் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பெரும்பாலானவை வீண் சந்தேகம். விடாமல் 'ஓகே' அழுத்திப் பழகிய விரல், நிஜக் கோளாறு வரும்போதும் அதையே அழுத்தும். ஒருநாள் நைட் ஷிஃப்டில் புதிதாகச் சேர்ந்த பெண் கூப்பிட்டாள்: "அக்கா, ரொம்ப நேரமா இந்த ஒரே இடத்துல தான் காட்டுது, பாருங்க." மெஷின் சொன்னது சின்னக் குறைதான், தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே ஓகே. பேஸ்ட் பிரின்டரை நிறுத்தி, பேஸ்ட் இறங்கும் ஓட்டைகள் உள்ள ஸ்டென்சில் தகட்டை வெளிச்சத்தில் பிடித்தோம். அந்த இடத்து ஓட்டையில் பாதியைக் காய்ந்த பேஸ்ட் அடைத்திருந்தது.

அவள் போர்டு எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் அந்த ஷிஃப்ட் முழுக்க அரைகுறைப் பேஸ்ட்டோடு போயிருக்கும். லைன் நடத்துபவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: அந்த நாற்காலியில் இருப்பவருக்கு மணிக்கு இத்தனை போர்டு என்று டார்கெட் வைக்காதீர்கள். மெஷினின் வீண் சந்தேகங்களைக் குறைக்க இன்ஜினியர்களை உட்கார வையுங்கள். லைனை நிறுத்தும் அதிகாரத்தை அந்தப் பெண்ணிடம் கொடுங்கள்.