சுளகும் தேயிலைப் பெட்டியும்

எழுத விரும்பும் மாணவர்கள் எம்மிடம் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "எதைப் பற்றி எழுதுவது?" என்பதே அது. நாம் தமிழ் படிப்பிக்கும் உயர்தர வகுப்பில் கவிதை எழுதாத மாணவர் மிகச் சிலரே. ஆயினும் அவர்தம் கொப்பிகளைப் புரட்டினால், நிலவும் தென்றலும் தாமரைத் தடாகமும் பக்கந்தோறும் வந்து நிற்கும். கொப்பிக்கு உரியவர் நாள்தோறும் கையாளும் ஒரு பொருளேனும் அவற்றில் தென்படுவதில்லை. ஆக்க ஊக்கம் எங்கோ தொலைவிலிருந்து வரும் விருந்தாளி என்றும், அது வரும்வரை காத்திருப்பதே கலைஞனின் கடன் என்றும் இவர்கள் நம்புகின்றனர். இந்நம்பிக்கை இவர்களாகத் தேடிக்கொண்டதன்று. கலையை ஒரு சிலரின் தனியுடைமையாகப் போற்றிவந்த சமூகம் இவர்களுக்குக் கற்பித்த பாடம் இது.

இப்பாடத்தை மாற்றுவதற்குப் பெரிய நூல்கள் வேண்டியதில்லை. அடுக்களையில் உள்ள சுளகு போதும். அதன் முன்புறம் அகன்று திறந்திருக்கின்றது. பின்புறமோ குவிந்து விளிம்பு கட்டப்பட்டிருக்கின்றது. புடைக்கும்போது உமி முன்புறத்தால் பறக்கின்றது. அரிசி பின்புறத்தில் தங்குகின்றது. கையின் அசைவையும் காற்றின் போக்கையும் தானியத்தின் எடையையும் ஒருங்கே அறிந்த அறிவு அந்த ஓலையின் வளைவிலே உறைந்து கிடக்கின்றது. அவ்வறிவைத் தேடித் தந்தவர்களின் பெயரை எந்த வரலாற்று நூலும் கூறுவதில்லை. பெயரறியாப் பெண்கள் பல தலைமுறையாகத் திருத்தித் திருத்தி அமைத்த வடிவம் அது.

மொழியும் அந்தச் சுளகிலிருந்தே செல்வம் பெற்றது. புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல் என வேலைக்கேற்ற தனித்தனிச் சொற்கள் தமிழில் உண்டு. தெளிந்த தமிழைத் 'தெள்ளுதமிழ்' எனப் புகழ்கின்றோம். தவிட்டையும் குறுநொய்யையும் நீக்கும் தொழிலுக்கு வழங்கும் சொல்லும் இந்தத் தெளிவைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரைச் சேர்ந்தவை.

13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவரும் இவ்வழியே நடந்தவர்தாம். 'நூல்' என்னும் பெயர் புத்தகத்துக்கு ஏன் வந்தது என்பதை விளக்கப் புகுந்த அவர், நூல் நூற்கும் பெண் ஒருத்தியை நம் கண்முன் நிறுத்துகின்றார். சொல் பஞ்சாகவும், புலவன் நூற்பவளாகவும், வாய் கையாகவும், அறிவு கதிராகவும் அங்கே உவமிக்கப்படுகின்றன. இலக்கணம் வகுத்த பேரறிஞருக்குத் தம் தொழிலின் இயல்பை விளக்க, உழைக்கும் பெண்ணின் கையே துணையாயிற்று. இதனை மனனஞ் செய்து பரீட்சை எழுதும் மாணவர் பலர், அப்பெண்ணை ஒருகணமேனும் மனக்கண்ணாற் கண்டதுண்டா என்பது ஐயமே.

அன்றாடப் பொருளைக் கூர்ந்து பார்த்தவர்களுள் எமது நாட்டில் முதலில் நினைக்கத்தக்கவர் ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பிலே பிறந்த அவர் தொழிலால் ஒரு புவிச்சரிதவியலறிஞர். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைமை தாங்கியவர். கல்லையும் மண்ணையும் ஆராயக் கிராமங்களிலே திரிந்தவரின் கண்ணில் தச்சரும் கொல்லரும் நெசவாளரும் பாய் பின்னுவோரும் பட்டனர். இடைக்காலச் சிங்களக் கலை பற்றி அவர் எழுதிய பெருநூல் 1908இல் வெளிவந்தது. 425 பிரதிகளே அச்சிடப்பட்டன. அதனை அச்சிட்ட பொறி, அதற்கு முன் வில்லியம் மொரிஸ் தமது சோசர் பதிப்புக்குப் பயன்படுத்திய பொறியாகும். மொரிஸ் சுவர்த்தாளுக்கும் துணிக்கும் கோலம் வரைந்தவர். சோசலிசத்துக்காகத் தெருமுனைகளிலே பேசியவர். ஒரு பொருளின் அழகு, அதைச் செய்பவர் தம் வேலையிற் காணும் மகிழ்ச்சியோடு பிணைந்தது என்பது அவருடைய கொள்கை.

குமாரசுவாமிக்கு நாம் கடமைப்பட்டவர்கள். ஆயினும் அவருடைய பார்வையை அப்படியே ஏற்றல் இயலாது. பழைய கண்டி இராச்சியத்தில் கைவினைஞர் நிலம் பெற்றனர். அதற்கு ஈடாகச் சேவை செய்யக் கட்டுண்டனர். எத்தொழிலைச் செய்வது என்பதைப் பிறப்பே தீர்மானித்தது. குடத்தின் அழகிலே தோய்ந்த கண்ணுக்கு, குயவன் மகன் குயவனாகவே இருக்கவேண்டியிருந்த நிலை போதிய அளவு உறுத்தவில்லை. யாழ்ப்பாணத்திலும் இதுவே கதை. பறையின் தாளத்துக்குத் தலையசைத்தவர்கள், பறையடித்தவரைத் திண்ணையில் இருத்தச் சம்மதிக்கவில்லை. செய்தவரை வெளியே நிறுத்திவிட்டுச் செய்பொருளை மட்டும் உள்ளே எடுப்பது இரசனையாகாது. அது சுரண்டலின் இன்னொரு முகமே.

மரபிலிருந்து ஊக்கம் பெறுவதற்கு நேரிய வழி ஒன்று இல்லாமற் போகவில்லை. 1956இல் பேராசிரியர் சரச்சந்திர 'மனமே' நாடகத்தை மேடையேற்றினார். கற்றோர் ஒதுக்கிவைத்த நாடகம என்னும் கிராமிய மரபிலிருந்தே அது பிறந்தது. அம்மரபோ தமிழ்க் கூத்துக்குக் கடன்பட்டது. இதையடுத்துப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தின்பால் திரும்பினார். வட்டக்களரியில் விடிய விடிய ஆடப்பட்ட கூத்தைச் சுருக்கி, செப்பனிட்டு, 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' (1964) முதலியவற்றை நவீன அரங்குக்குக் கொணர்ந்தார். 'கூத்தாடுகிறாயா?' என்று பிள்ளைகளை ஏசும் சமூகத்தில், பல்கலைக்கழக மாணவர் காலில் சதங்கை கட்டினர். ஆடலைப் புத்தகத்திலிருந்து கற்க இயலாது, அறிந்தவரிடமே கற்கவேண்டும். கிராமத்து அண்ணாவியார் அங்கே ஆசானானார், பட்டதாரி மாணாக்கனானார். கலை வரலாற்றில் இஃது ஒரு சிறு தலைகீழ் மாற்றமெனினும், பெறுமதி மிக்க மாற்றம்.

வெகுசனக் கலைகளைப் பற்றியும் கற்றோரிடையே ஓர் இளக்காரம் உண்டு. சினிமாப் பாட்டென்றால் முகஞ் சுளிப்பது புலமைக்கு அடையாளமெனச் சிலர் எண்ணுகின்றனர். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1930இல் பிறந்து 1959இல் மறைந்தவர். முப்பது வயதைக் காணாதவர். அவர் தேர்ந்துகொண்ட கருவி அதே சினிமாப் பாட்டுத்தான். வயலிலும் களத்திலும் வழங்கிய மெட்டையும் பேச்சையும் திரைக்குக் கொண்டுவந்து, உழைப்பவரின் வினாக்களை உழைப்பவரின் மொழியிலேயே கேட்டார். ஆயிரம் பிரதி விற்கும் கவிதைத் தொகுதி எட்டாத குடிசைகளை அப்பாட்டுக்கள் வானொலி வழியாக எட்டின. ஊடகம் மலிவானது என்பதற்காக அதிற் சொல்லப்படுவதும் மலிவாக வேண்டுமென்ற நியதி எதுவுமில்லை.

எனினும், கண்ணிற்படும் ஒவ்வொரு வடிவமும் உண்மையையே பேசுமென்று நம்புதல் பேதைமை. விளம்பரமும் ஒரு கலைதான். தேர்ந்த கலைஞர்களே அதை ஆக்குகின்றனர். ஆதலின், வடிவத்தைச் சுவைக்கக் கற்பிக்கும் ஆசிரியர், அதை விசாரிக்கவும் கற்பிக்கவேண்டும்.

அண்மையில் வகுப்பிலே ஒரு தேயிலைப் பெட்டியை வைத்து, அதிலுள்ள படத்தைப் பற்றி எழுதும்படி கூறினோம். பச்சை மலைச்சரிவு, நடுவே புன்னகை பூத்த ஒரு பெண், முதுகில் நிறைந்த கூடை. நிறப் பொருத்தத்தைச் சிலர் வியந்து எழுதினர். மலையழகைப் பலர் பாடினர். பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி மட்டும் பேனாவைத் தொடவில்லை. அவளுடைய குடும்பம் 1977ஆம் ஆண்டின் வன்செயலுக்குப் பின் மலையகத்தை விட்டு வன்னிக்கு வந்து குடியேறியது. ஏன் எழுதவில்லையென வினவியபோது அவள் எழுந்து சொன்னாள்:

"கூடைக் கயிறு எங்க சேர்? எங்கட அம்மாயிக்கு உச்சந்தலையில அந்தக் கயிறு அழுத்தின தடம் இன்னும் இருக்கு."

வகுப்பு முழுவதும் அப்படத்தை மீண்டும் பார்த்தது. உண்மைதான். கூடை முதுகில் இருந்தது. அதைத் தலையில் தாங்கும் கயிறு படத்தில் இல்லை. சுமை இருந்தது, சுமக்கும் வருத்தம் துடைக்கப்பட்டிருந்தது. ஓவியர் மறந்ததோ, விற்பவர் வேண்டாமென்றதோ, எதுவாயினும் அந்தப் புன்னகை நிலைப்பதற்குக் கயிறு மறையவேண்டியிருந்தது. மறுநாள் அம்மாணவி எட்டு அடிகளில் ஒரு கவிதை கொண்டுவந்தாள். நிலவும் தடாகமும் அதில் இல்லை. ஒரு கயிறும், அது பதித்த தடமும், அத்தடத்தில் எண்ணெய் தேய்க்கும் பேத்தியின் விரலும் இருந்தன. எமது வகுப்பிலே அவ்வாண்டு எழுதப்பட்ட கவிதைகளுள் அதுவே சிறந்தது.

ஆசிரிய நண்பர்களுக்கு நாம் கூறவிரும்புவது இதுவே. மாணவர் கையில் ஒரு பொருளைக் கொடுங்கள்: ஓலைப்பெட்டி, தீப்பெட்டி, சினிமாச் சுவரொட்டி, எதுவானாலும் சரி. இதை ஆக்கியவர் யார், இவ்வடிவம் எத்தேவையால் வந்தது, இதனாற் பயன் பெறுபவர் யார், இதில் மறைக்கப்பட்டது எது என்று கேட்கச் செய்யுங்கள். இந்நான்கு வினாக்களுக்கு விடை தேடுகின்ற மாணவனுக்கு எழுதப் பொருள் இல்லாமற் போகாது. அவன் எழுதுவது எல்லாம் இலக்கியமாகிவிடுமென நாம் உறுதி கூறவில்லை. ஆனால், தன் வீட்டு மனிதரின் கைகள் இலக்கியத்துக்கு உரியவை என்பதை அவன் அறிவான். அவ்வறிவைப் பெறாமலே பாடசாலையை விட்டு நீங்கும் தலைமுறைகள் இனியும் வேண்டா.